ஓடுவதும் உழைப்பதும்

"போர்டு ஓகே சார், ஓடுது. ஆனா ஒரு கீ கேக்குது. அது உங்ககிட்டதான் இருக்கணும். இல்லேன்னா சொல்லுங்க, பார்மட் அடிச்சுக் குடுத்துர்றேன். அரை மணி நேர வேலை."

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தை அடுத்த சந்து ஒன்றில், இருவர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்கவேண்டிய அளவே உள்ள கடை. அந்த இளைஞர் என் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். நீலத் திரை. அதில் ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள். கீழே 48 இலக்கங்களை எழுதச் சொல்லும் ஒரு கட்டம். அரை மணி நேர வேலை என்று அவர் சொன்னது என் தந்தையின் குரலை அழிக்கும் வேலை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "வேண்டாம் தம்பி, நான் வீட்டில் தேடிப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது இதுதான். ஐப்பசி மாதத்து இரவொன்றில் குடமுருட்டிக் கரையிலிருக்கும் எங்கள் ஊரில் நல்ல மழை, நல்ல இடி. கொல்லைத் தென்னையின் உச்சி கருகிப்போனதைக் காலையில்தான் பார்த்தோம். மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்காமல் தூங்கியது என் பிழை. கணினியில் மூச்சில்லை. கடைக்காரர் அதைத் திறந்து, மீட்டரின் இரு முனைகளையும் இங்குமங்கும் வைத்துப் பார்த்து, "போர்டு போயிடுச்சு" என்றார். சென்னையிலிருந்து புதிய பலகை வந்துசேர ஒன்பது நாட்களாயின.

மதர்போர்டு என்பதை இணையத் தமிழர்கள் தாய்ப்பலகை என்று ஆக்கிவைத்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்த சொல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த சொல். வீட்டில் யார் எங்கே படுத்திருக்கிறார், யாருக்கு எவ்வளவு சோறு, சாவி எந்த மாடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தாய்க்குத்தான் தெரியும். அவள் ஒருநாள் ஊருக்குப் போனால்தான் நமக்கு எதுவுமே தெரியாது என்பது தெரியவரும். பலகையும் அப்படியே. செயலி அதிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பலகையோடு அதுவும் போய்விடுகிறது. நினைவகத்தையும் சேமிப்புத் தட்டையும் பழைய உடலிலிருந்து கழற்றிப் புதியதில் பொருத்திவிடலாம். ஆகவே கோப்புகளுக்கு ஆபத்தில்லை என்று ஒன்பது நாட்களும் நிம்மதியாக இருந்தேன். கோப்புகள் இருந்தன. பூட்டுக்குள் இருந்தன.

விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்புத் தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்று பெயர். மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் புதுக் கணினியைத் தொடங்கும்போதே, வசதியுள்ள கணினிகளில் இப்பூட்டு தானாக விழுந்துவிடுவதுண்டு. நாம் கேட்டிருக்க வேண்டியதில்லை. திறவுகோலைக் காப்பது டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புப் பகுதி. அது பலகையில் தனிச் சில்லாக இருக்கும், அல்லது செயலிக்குள்ளேயே இருக்கும். 2021-இல் வந்த விண்டோஸ் 11 இதன் இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்கியது. நாள்தோறும் காலையில் நாம் பொத்தானை அழுத்தும்போது இது சத்தமில்லாமல் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. பலகை மாறினால் கதவருகே நிற்பது வேறு ஆள். தட்டு அவரை நம்பாது. அப்போதுதான் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கிறது. திருடன் தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் படிக்கமுடியாமல் இருக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. பழுதுபார்ப்பவருக்கும் திருடனுக்கும் வேறுபாடு தட்டுக்குத் தெரியாது.

அந்தத் தட்டில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை எனக்கு வேண்டாதவை. வேண்டியவை பதினோரு ஒலிக்கோப்புகள். 2020 ஜூன் மாதம், ஊரடங்கால் நான் கிராமத்திலேயே இருந்த நாட்களில், என் தந்தையைப் பேசவைத்துக் கைபேசியில் பதிந்தவை. அந்த ஆண்டு மேட்டூர் அணை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் கல்லணையும் திறந்து எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தபோது அப்பா இளைஞரைப்போல் இருந்தார். எங்கள் ஒன்பது மா நிலத்தில் எந்தத் தாக்குக்கு என்ன பெயர், அது ஏன் அப்படி ஆயிற்று, எந்த மதகுக் கண்ணில் எத்தனை விரற்கடைத் தண்ணீர் நின்றால் எந்த வயல் நிறையும், எந்த வடிகால் எந்த ஆண்டு தூர்ந்தது என்றெல்லாம் பேசிக்கொண்டே போனார். பின்னணியில் பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். பதிந்த கைபேசி அதற்கு முன்பே தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்தது. கணினிக்கு மாற்றிவைத்துவிட்டோம் என்ற நிறைவில் நான் வேறெங்கும் படியெடுக்கவில்லை.

கடையிலிருந்து திரும்புகையில், "ஓடுது சார்" என்ற சொல்லே காதில் நின்றது. அதைக் கேட்டால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

1994 குறுவை. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் நாற்று விட்டிருந்தோம். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போய்விட்டதைக் கவனிக்காமல் மோட்டார் இழுத்துப் பார்த்து எரிந்துபோனது. டெல்டாவில் மோட்டார் எரிவதற்கு இது வழக்கமான காரணம். கண்டன்சர் வைத்து இரண்டு பேஸிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. திருவையாற்றுக்கு எடுத்துப்போய் காயில் கட்டிக்கொண்டுவந்தோம். கட்டியவரே உடன் வந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் முனகலில்லாமல் சீராகச் சுழன்றது. டாங் டெஸ்டரை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டிக் காட்டினார். மூன்றிலும் அளவு ஏறத்தாழ ஒன்றே. "ஓடுதுங்க" என்று கூலிக்குக் கை நீட்டினார். அப்பா தரவில்லை. குழாய் வாயருகே போய் உட்கார்ந்து விழுகிற தண்ணீரைப் பார்த்தார், கையை நீட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஓடுறது வேற, உழைக்கிறது வேற. தண்ணி பாதிதான் வருது."

காயில் கட்டியவருக்குச் சுருக்கென்றது. ஆனால் குனிந்து பார்த்துவிட்டு அவரே சிரித்தார். கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டு மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருந்தது. பம்பு எதிர்த்திசையில் சுழன்றாலும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். அதுதான் ஏமாற்று. மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினார். குழாய் நிறைந்து, எதிரேயிருந்த கல்லில் மோதித் தெறித்தது. அதன்பிறகும் அப்பா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இடையிடையே மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை பொறுக்கும் சூட்டில் நின்றுவிட்டது என்று தெரிந்தபின்னரே மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

சாவிக்கு வருகிறேன். 2022-இல் இந்தக் கணினியை வாங்கியபோது அதைத் தொடங்கிக் கொடுத்தவன் என் அக்கா மகன். அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். எனக்கு மைக்ரோசாப்ட் கணக்கு எதுவும் இல்லாததால் அன்று தன் கணக்கையே கொடுத்திருந்தான். இது எனக்கு நினைவில்லை. அவனுக்கும் இல்லை. இரவில் தொலைபேசியில், "எதுக்கும் பாக்கறேன் மாமா" என்று தன் கணக்கின் இணையப்பக்கத்தைத் திறந்தவன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கு மாமா" என்றான். என் திரையில் திறவுகோலுக்குரிய அடையாள எழுத்துகள் எட்டு தெரிந்தன. அவனிடமிருந்தவற்றோடு ஒப்பிட்டோம். பொருந்தின.

அவன் வாசிக்க நான் தட்டினேன். ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகள். இதில் ஒரு நயமுண்டு. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதமின்றி வகுபடும் எண். ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் வகுபடாது; எனவே தவறை அந்தத் தொகுதியிலேயே பிடித்துவிடலாம். நான்காவது தொகுதியில் நான் பிடிபட்டேன். முதல் தொகுதி முடிந்ததும் என்னையறியாமல் "லாபம்" என்றிருக்கிறேன். "என்ன மாமா?" என்றான். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள். லாபம் என்பார்கள், அப்புறம்தான் இரண்டு, மூன்று. அவன் களத்தைப் பார்த்தவனில்லை. விளக்கிச் சொன்னதும் மீதியை அவனே அப்படி எண்ணிக்கொண்டு வந்தான். எட்டாவது அளந்து முடிந்ததும் திரை ஒருகணம் இருண்டு, வழக்கமான என் முகப்பு வந்தது.

அன்றிரவே பதினோரு கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் படியெடுத்த பிறகே தூங்கினேன். சோதனையை மறுநாள் காலையில் தொடங்கினேன்.

முதலில் நாளும் நேரமும். புதிய பலகையின் கடிகாரம் கிடங்கில் கிடந்த காலத்திலேயே நின்றிருந்தது. இது சிறு குறைபோலத் தோன்றும். ஆனால் கணினியின் தேதி தவறென்றால் பாதுகாப்பான இணையதளங்கள் பல திறக்கா. அவற்றின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நம் கணினி இன்னும் பழைய ஆண்டில் இருந்தால், நேற்று வழங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவேயில்லை.

அடுத்து அடையாளம். கணினியின் அடிப்பக்கம் ஒட்டியுள்ள வரிசை எண்ணும், தொடக்க அமைப்புத் திரையில் பலகை தன்னைப்பற்றிச் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். புதிய பலகையில் அதை எழுதாமலே விட்டுவிடுவதுண்டு. எனதில் எழுதியிருந்தார்கள். நினைவகம் 16 ஜிபி முழுவதும் தெரிந்தது. விண்டோஸ் உரிமமும் பலகையை வைத்தே ஆளை அறிகிறது. எனக்கு அது இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்று அறிவித்தது. வன்பொருள் மாறியது என்று தெரிவித்து, அக்கா மகனின் கணக்கு வழியே மீண்டும் இணைத்தோம். முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி தொடங்கிப் பார்த்தேன். இம்முறை சாவி கேட்கவில்லை. புதிய தாய்க்கு வீடு பழகிவிட்டது.

பிறகு உறுப்புகள். பலகையை மாற்றும்போது பத்துப் பன்னிரண்டு இணைப்புகளைக் கழற்றி மாட்டுகிறார்கள். பெரும்பாலான குறைகள் பலகையிலல்ல, இந்த இணைப்புகளிலேயே இருக்கும். யூஎஸ்பி துளைகள் ஒவ்வொன்றிலும் பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன். மின்னேற்றியைப் பிடுங்கினேன், பேட்டரியில் நின்றது. செருகினேன், ஏறியது. மூடினேன், உறங்கியது. திறந்தேன், விழித்தது. வைஃபை உணர்கம்பிகள் நூலளவே இருக்கும், மாட்ட மறந்தால் பக்கத்தில் வேலை செய்து தூரத்தில் கைவிடும் என்பதால் திண்ணைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். கேமராவில் என் முகம் தெரிந்தது. அது பழைய குறை, பலகை பொறுப்பல்ல.

விசைப்பலகைக்கு வந்தபோது என்ன தட்டுவது என்று யோசித்தேன். நான் தமிழ்99 முறையில் எழுதுபவன். அதில் உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. நெல்லின் பெயர்களைத் தட்டினேன். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், குழியடிச்சான், தூயமல்லி, சீரகச் சம்பா, கருப்புக் கவுனி. எண்களுக்காக ஆடுதுறை 36, ஆடுதுறை 43, சி.ஆர். 1009. இதில் வராத ஞகரத்துக்கு ஒரு ஞாயிறு, இடக்கோடியில் யாரும் போகாத ஔகாரத்துக்கு ஔவையார், ஆய்தத்துக்கு ஓர் அஃது. எல்லாம் விழுந்தன.

அடுத்து உழைப்பு. ஒரு மணி நேரம் ஒருபக்கம் காணொளி, இன்னொரு பக்கம் பெரிய கோப்புகளைச் சுருக்கும் வேலை இரண்டையும் ஓடவிட்டேன். செயலியின் மேல் புதிய வெப்பப் பசையைச் சரியாகத் தடவவில்லையென்றால் இப்போதுதான் தெரியும்: விசிறி இரையும், வேகம் குறையும், சில சமயம் தானே அணைந்தும் விடும். சூட்டளவைக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. நான் கணினியின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை பொறுத்தது. யார் கற்றுக்கொடுத்த சோதனை என்பது வைத்த பிறகே உறைத்தது.

கடைசியாக ஒலி. ஒலிபெருக்கியைச் சோதிக்க ஏதேனும் ஒரு பாட்டு போதும். ஆனால் என் கை அந்தக் கோப்புறைக்கே போயிற்று. மூன்றாவது கோப்பு. அப்பா பேசத் தொடங்கினார். நடுத்தாக்கு, அதற்கு மேற்கே ஆலடிக்குண்டு, அங்கிருந்த ஆலமரம் எந்தப் புயலில் சாய்ந்தது என்று. பின்னால் அந்த மோட்டார். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது நான் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து எனக்கு இடப்பக்கம் சுவரோரம் உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"உங்கப்பா ஏன்டா சுவத்துக்கு அந்தாண்ட நின்னு பேசுறாப்புல இருக்கு?"

பழைய பதிவு அம்மா, கைபேசியில் எடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஐம்பது ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டவள் அவள். ஒலி அமைப்பில் இடம், வலம் எனத் தனித்தனியே சோதிக்கும் வசதி உண்டு. வலம் ஒலித்தது. இடம் மௌனம். அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஒற்றைக் குழலில் வந்த குரலை நான் முழுக் குரலென்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பாதித் தண்ணீர்.

மறுநாள் கடையில் சொன்னபோது அந்த இளைஞர் நம்பவில்லை. "நான் பாட்டுப் போட்டுப் பாத்தேனே சார்" என்றார். பொய்யில்லை, பாட்டு கேட்டிருக்கும். திறந்தார். இடப்பக்கத்துச் சிறு இணைப்பான் முழுவதும் அமராமல் ஓரத்தில் தொத்திக்கொண்டிருந்தது. நகக்கண்ணால் அழுத்தினார். இரண்டு நிமிட வேலை. வருத்தத்துடன், "எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்றார். அம்மாவைச் சொன்னேன். அவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் கைக்கு நாளொன்றுக்குப் பத்து இயந்திரங்கள் வருகின்றன. அதில் எந்தக் குரல் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இயந்திரம் ஓடுகிறதா என்பதைப் பழுதுபார்த்தவர் சொல்லலாம். உழைக்கிறதா என்பதை அதனிடம் என்ன வேண்டியிருக்கிறதோ அதை அறிந்தவர்தான் சொல்லமுடியும்.

திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. பாரம்பரிய விதை இரண்டு கிலோ பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் மீட்டெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் பல ஊர்களின் குதிர்களில் இருக்கின்றன. ஒரே குதிரில் வைத்த விதை, குதிரின் ஆயுள்வரைதான் விதை. இது தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு ஒரே தட்டில் அப்பாவை வைத்திருந்தேன்.

இப்போது அந்தத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது. பலகை போனபின் எல்லோருக்கும் அக்கா மகன் வாய்ப்பதில்லை. கோப்புகளின் படி ஒன்று பென்டிரைவில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று கோயம்புத்தூரில். அனுப்பிய அன்றிரவு அவனிடமிருந்து செய்தி வந்தது: "வந்துருச்சு மாமா. லாபத்துலேர்ந்து எண்ணிட்டேன். பதினொண்ணு."

எண்ணினால் போதாது, ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுக் கேள் என்று எழுதினேன். முழுதாக மூன்று மணி நேரமாகும். நான்கு நாள் பதிலில்லை. ஐந்தாம் நாள் கேட்டான்:

"மாமா, ஆலடிக்குண்டுல இப்பவும் தண்ணி நிக்குதா?"

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.